பச்சைச் சுருக்குப்பை

என் நாத்தனார் நல்லவள். இதைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் என் கணவர் ஒரு வாரத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். "எங்க அக்கா மாதிரி தங்கமான மனசு யாருக்கு வரும்?" என்பது அவர் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் வாக்கியம். தங்கமான மனசுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தங்கம் அன்றைக்கு என் குழந்தையின் உயிரோடு விளையாடப் பார்த்தது.

என் மகளுக்கு ஐந்து வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாண்டு. அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் வயிறு வலிக்கும், தடிப்பு வரும் என்ற ரகம் இல்லை. போன வருடம் ஒரு பிறந்தநாள் விழாவில் யாரோ கொடுத்த சாக்லேட்டை ஒரே ஒரு கடி கடித்தாள். முதலில் பேச்சு நின்றது. அப்புறம் உதடு வீங்கியது. அப்புறம் மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் அவளை எங்கள் கையில் திருப்பிக் கொடுத்த டாக்டர், பேனா மாதிரி இருக்கும் ஓர் ஊசியைக் காட்டி, "இது இல்லாம எங்கயும் போகாதீங்க" என்றார். அன்றிலிருந்து என் கைப்பையில் ஒன்று, நாத்தனார் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒன்று. நாத்தனாரோ ஊசி என்ற பேச்சை எடுத்தாலே கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறவள்.

பள்ளி லீவு விட்ட முதல் நாள் பிள்ளைகள் எல்லாம் நாத்தனார் வீட்டில் கூடிவிடும். அவளுடைய இரண்டு பையன்கள், பக்கத்து வீட்டுப் பெண், எங்கள் வாண்டு. ஆளுக்கொரு காகிதப் பையில் இனிப்பு போட்டுக் கொடுப்பாள். இந்த வருடம் அன்றைக்கு எனக்கு வேலை இருந்தது. கூடவே நிற்க முடியாது. அதனால்தான் வாண்டுக்கென்று, வளைந்த முனை ஊசியால் கண்ணி கண்ணியாகப் பின்னும் குரோஷேயில் ஒரு சுருக்குப்பை போட முடிவு செய்தேன். பளிச்சென்ற பச்சை நூல். அந்த வீட்டில் வேறு யாரிடமும் அந்த நிறத்தில் ஒரு கைக்குட்டைகூட இல்லை என்று யோசித்துத்தான் வாங்கினேன்.

"பச்சைப் பை அம்மா போட்ட பை. அதுல இருக்கறத மட்டும்தான் வாயில வைக்கணும். வேற யார் எது கொடுத்தாலும்?"

"வாயைத் தொறக்க மாட்டேன்" என்றாள் வாண்டு. சட்டம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அவளுக்கு அது போதும். சிவப்பு விளக்கில் நடக்கிற பெரியவர்களை நிறுத்திக் கேள்வி கேட்கிற ஜாதி அவள்.

எனக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. ஃப்ரேமுக்கு ஏற்ற மாதிரி லென்ஸைத் தேய்த்துப் பொருத்தி, கண்ணுக்கே தெரியாத திருகாணியை முடுக்கிக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு இடைவேளையிலும் ராத்திரி வீட்டிலும் பையை எடுப்பேன். அடியில் ஒரு வட்டம், அது உள்ளங்கை அளவு வந்ததும் நேராக மேலே ஏறும் சுவர், கழுத்துப் பக்கம் கயிறு ஓட ஒரு வரிசை இடைவெளி. அவ்வளவுதான் வேலை. திருகாணி முடுக்குகிற கைக்கு நூல் மட்டும் ஏனோ தளரத் தளரத்தான் வரும். நாத்தனாருக்கு இறுக்கமான கை. அவள் போட்ட பையில் தண்ணீரே மொண்டு வரலாம். கண்ணும் அப்படித்தான். அறையின் அந்தக் கோடியிலிருந்து பார்த்து, "இங்க ஒரு கண்ணி விட்டிருக்கியே?" என்று பல்லைக் காட்டுவாள்.

விட்டுத்தான் இருந்தேன். சுவரின் நடுவில், பேச்சு சுவாரசியத்தில் ஒரு கண்ணியைக் குத்தாமல் தாண்டிப் போய்விட்டேன். என் தளர்ந்த கைக்கு அது நல்ல ஓட்டையாகவே விழுந்துவிட்டது. முதலில் கண்டுபிடித்தது வாண்டுதான். சுண்டுவிரலை அதற்குள் விட்டு ஆட்டினாள்.

"இது என் விரலுக்காம்மா?"

"ஆமா, ஆமா" என்றேன், கண்ணி எண்ணிக்கொண்டே. அதன்பின் நான் பையும் கையுமாக உட்கார்ந்தால் போதும், வந்து விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பை முடிந்த அன்று நாத்தனாரின் பல் என் கண் முன்னால் வந்து நின்றது. கடைசி முடிச்சைப் பிரித்து, நூலை உருவிக்கொண்டே அந்த வரிசை வரைக்கும் இறங்கி, விட்ட கண்ணியைக் குத்தி, மறுபடி மேலே ஏறிவந்தேன். ஓட்டை போன இடம் தெரியவில்லை. கை வலித்தாலும் மனசுக்குத் திருப்தியாக இருந்தது. காலையில் அரைத் தூக்கத்தில் இருந்த வாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய், நான் சுட்ட பிஸ்கட்டும் உலர்ந்த திராட்சையும் நிரப்பிய பையை நாத்தனார் கையில் கொடுத்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல், "பரவால்லையே!" என்றாள். நான் வெற்றியோடு வேலைக்குப் போனேன்.

மதியம் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது.

"ஏம்மா, வேலையா இருக்கியா? ஒரு நல்ல சேதி."

"சொல்லுங்க அண்ணி."

"வாண்டு மட்டும் தனியா ஒரு பையத் தூக்கிட்டு நிக்கும், மத்ததுங்க கையில காகிதப் பை இருக்கும். எனக்கு அது மனசுக்கே ஆகல. பாவம், புள்ளைய ஒதுக்கி வெச்ச மாதிரி. நீ அடி வட்டம் போடறப்பவே பாத்துட்டேன்ல, அதே பச்சை நூல் வாங்கி மத்த மூணு பேருக்கும் போட்டுட்டேன்! நாலும் அப்படியே அச்சு. எது எதுன்னு எனக்கே தெரியல, போ!"

அவள் சிரித்தாள். என் கையிலிருந்த திருகாணி எங்கோ உருண்டு போனது.

"மத்த பையில என்ன போட்டீங்க?"

"நம்ம பசங்களுக்கு வேற என்ன, கடலை வெச்ச சாக்லேட்டுதான். வாண்டு பைய நான் தொடவே இல்லம்மா. எனக்குத் தெரியாதா?"

"வாண்டு எங்க?"

"எல்லாம் பையத் தூக்கிட்டு மொட்டைமாடிக்கு ஓடிடுச்சுங்க."

"அண்ணி, இப்பவே மேல போங்க. நாலு பையையும் புடுங்குங்க. பச்சைப் பையில இருந்தா சாப்பிடலாம்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்!"

அந்தப் பக்கம் "அய்யோ" என்ற குரல் கேட்டது, போன் எதன்மேலோ விழுந்த சத்தம் கேட்டது. அவளுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்து ஏறுகிறவள். நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை.

முதலாளியிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வாசலில் நின்ற டாக்ஸியில் ஏறி உட்கார்ந்தபோதுதான் கடை மேலங்கியைக் கழற்றாமலே வந்திருப்பது தெரிந்தது. ஒவ்வொரு சிக்னலும் எனக்காகவே சிவப்பானது. நாத்தனாரை என் வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். யார் கேட்டார்கள் இவளை? எல்லோருக்கும் ஒரே மாதிரி, எல்லோருக்கும் ஒரே மாதிரி! என் பெண் மற்றவர்கள் மாதிரி இல்லை என்பதை நான் ஏற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆனது. இவள் ஒரு நூல்கண்டு வாங்கி அதைச் சரிபண்ணிவிட்டாளாம். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு சந்துக்குள் திருப்பினார்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. படிக்கட்டில் ஏறினால் நடுப்படியில் ஒரு சாக்லேட் காகிதம். எடுத்துப் பார்த்தேன். கடலைப் படம் போட்டது. மிச்சப் படிகளை இரண்டிரண்டாகத் தாவினேன்.

மாடியில் நாத்தனார் மூச்சு வாங்க நின்றிருந்தாள். அவள் மார்போடு மூன்று பச்சைப் பைகள். பையன்களும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் சுவரோரம் பயந்து நின்றார்கள்.

"ஒரு பையக் காணோம்" என்றாள். "அவளும் இல்ல."

"வாண்டு எங்கடா?"

"கீழ போய்ட்டா அத்தை" என்றான் பெரியவன். "அவ சாப்பிடவே மாட்டேன்னா. பச்சைப் பைதானே, சாப்பிடுன்னு நாங்கதான் சொன்னோம்."

"சாப்பிட்டாளா?"

அவன் தம்பியைப் பார்த்தான். தம்பி அழ ஆரம்பித்தான். "தெரியல. பேசவே மாட்டேங்கறா."

முதலில் பேச்சு நின்றது. போன வருடமும் அதுதான் முதலில்.

நான் எப்படிக் கீழே வந்தேனோ தெரியாது. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், சமையலறையில் பார்த்தேன். குளியலறைக் கதவு உள்ளே கொக்கி போட்டிருந்தது.

"வாண்டு! அம்மா வந்திருக்கேன். கதவத் தொற!"

பதில் இல்லை. காதை வைத்துக் கேட்டேன். மூக்கு உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம், அதுவும் மூச்சு இழுப்பதா அழுவதா என்று புரியவில்லை. கதவைக் கையால் அடித்தேன், தோளால் இடித்தேன். அசையவில்லை.

"தள்ளு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அந்த முழங்காலோடு எப்படி இறங்கினாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கொண்டையில் செருகியிருந்த மெல்லிய குரோஷே ஊசியை உருவி, கதவிடுக்கில் நுழைத்து, கண்ணியைத் தூக்குவது போல மேலே தூக்கினாள். கொக்கி கழன்றது.

வாண்டு கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. மடியில் பச்சைப் பை. வாயை அப்படி இறுக்க மூடியிருந்தாள், உதடே தெரியவில்லை. நான் கைப்பையிலிருந்து மருந்து ஊசியை எடுத்து, மூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே அவள் தாடையைப் பிடித்தேன்.

"ஆ காட்டு. ஆ காட்டுடி செல்லம்."

திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"அம்மாடி. அம்மாதான்."

அப்போதுதான் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. முகர்ந்து பார்த்தேன். காலையில் குடித்த பால் வாசனைகூட இல்லை. உதடு வீங்கவில்லை, மூச்சு அழுகையில்தான் திணறியது.

"எதாவது சாப்பிட்டியா?"

"இல்ல."

"ஏன் பேசல? எவ்வளவு கூப்பிட்டேன்!"

"வாயத் தொறந்தா போட்டுடுவாங்க" என்றாள். "நாலுமே பச்சை. நாலுலயும் விட்டுப் பாத்தேன். ஒண்ணுலகூட என் விரல் போகல. உன் பை வரவே இல்ல. பசிக்குதும்மா."

நாத்தனார் வாண்டின் மடியிலிருந்த பையை எடுத்தாள். பார்த்த உடனே தெரிந்தது. தொளதொளவென்று தொங்குகிற என் பைதான். உள்ளே என் பிஸ்கட் ஒன்றும் குறையாமல் இருந்தது. நாத்தனார் சரியாகத்தான் கொடுத்திருக்கிறாள். இவ்வளவு நேரமும் வாண்டின் சாப்பாடு அவள் மடியிலேயே இருந்திருக்கிறது.

டாக்ஸியில் திட்டிய திட்டெல்லாம் திரும்பி வந்து என் தலையில் விழுந்தது. அவளைக் காப்பாற்றியது நான் தெரியாமல் விட்ட ஓட்டை. அவளைப் பட்டினி போட்டது நான் அடைத்த ஓட்டை. மருந்து ஊசியை மூடிக் கைப்பையில் போட்டேன்.

"விரலா? என்ன விரல்?" என்றாள் நாத்தனார்.

சொன்னேன். கேட்டுவிட்டுப் பாத்ரூம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த ஓட்டைய நான் பாத்திருந்தா சிரிச்சிருப்பேன்" என்றாள், மெதுவாக.

"தெரியும் அண்ணி. அதுக்குத்தான் அடைச்சேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் குரோஷே ஊசியை என்னிடம் நீட்டினாள். பிஸ்கட்டையும் திராட்சையையும் ஒரு தட்டில் கொட்டினோம். வாண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், தொடவில்லை. பசியில் வயிறு சத்தம் போட்டது எங்களுக்கே கேட்டது. "நான் சுட்டதுடி, சாப்பிடு" என்றேன். "பைக்குள்ள போட்டுக் குடு" என்றாள். சட்டம் என்றால் சட்டம், அதைப் போட்டவளே நான்தான். முடிச்சைப் பிரித்து நூலை இழுத்தேன். பை வரிசை வரிசையாகக் கரைந்தது. நாத்தனார் நூலைத் தன் விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள். அந்த வரிசை வந்ததும் ஒரு கண்ணியைத் தாண்டினேன். வேண்டுமென்றே தாண்டும்போது கை வரவில்லை, இரண்டு முறை பிரித்துப் போட வேண்டியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் தளர விடு" என்றாள் நாத்தனார். "புள்ள விரல் வளரும்ல?"

கழுத்து வரை வந்து கயிற்றைக் கோத்து, பிஸ்கட்டைப் போட்டுக் கொடுத்தேன். வாண்டு சுண்டுவிரலை விட்டாள். போனது. எடுத்துவிட்டு அத்தையின் விரலைப் பிடித்து விட்டுப் பார்த்தாள். போகவில்லை. அப்புறம் என் விரலை இழுத்து விட்டுப் பார்த்தாள். அதுவும் போகவில்லை.

"அப்ப இது என்னுதுதான்" என்று சொல்லிவிட்டு, வாயைத் திறந்தாள்.