ஓரினிடம் திருப்பிக் கொடுத்த துப்பாக்கி

எனக்கு வாய் நீளம். முப்பது வருடம் பால் லாரி ஓட்டி, பண்ணை பண்ணையாய் நின்று பேசி வளர்த்த வாய். எங்கள் ஊர் துப்பாக்கிச் சங்கத்துக்கு என்னைத் தலைவராக்கியதும் அந்த வாய்க்காகத்தான். மான் வேட்டை தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை, மாநிலத் தலைநகருக்குப் போய், வரப்போகிற ஒரு சட்டத்தை எதிர்த்துப் பேசவும் என்னையே முன்னால் தள்ளினார்கள்.

சட்டம் சின்னதுதான். வீட்டில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்வாரோ என்று பயந்தால் குடும்பத்தார் நீதிபதியிடம் போகலாம். அவர் உத்தரவு போட்டால் போலீஸ் வந்து துப்பாக்கிகளைக் கொஞ்ச காலத்துக்கு எடுத்துப் போகும். அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் மாநிலம் முழுக்க இதே பேச்சு. நூற்றுக்கு எழுபது பேர் ஆதரவு என்று ஏதோ ஒரு கருத்துக்கணிப்பு சொன்னது. "யாரைக் கேட்டாங்களாம்? என்னைக் கேக்கலையே!" என்று பேருந்தில் நான் சொன்னதும் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சுச் சட்டையில் வந்திருந்த எங்கள் சங்கத்து ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சட்டமன்றக் குழுவின் அறையில் இருநூறு பேருக்கு மேல். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஆதரவாளர்களின் வெள்ளைச் சட்டைகள். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று சொன்னவர்கள், கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடமாகக் குறைத்தார்கள். வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே மார்வாவைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. என் கூட்டாளி ஓரினின் மனைவி அவள். நான் தலையாட்டினேன், அவளும் ஆட்டினாள்.

ஓரின் ஆகஸ்டில் தன் அறுபத்திரண்டு மாடுகளையும் விற்றுவிட்டான். நாலு தலைமுறையாகப் பால் கறந்த குடும்பம். மாடுகள் போன மறுநாள், வெறும் கொட்டகையில் மடியில் துப்பாக்கியோடு அவன் உட்கார்ந்திருந்ததை மார்வா பார்த்திருக்கிறாள். உடனே எனக்குத்தான் போன் செய்தாள்.

இதற்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவனுக்கு மனசு சரியில்லை என்றால் அவனோடு வேட்டைக்குப் போகிறவன் வருவான். "எண்ணெய் போட்டுத் தர்றேன்" என்று சொல்லித் துப்பாக்கிகளை வாங்கிப் போய்த் தன் இரும்புப் பெட்டியில் பூட்டிவிடுவான். கொடுக்கிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும், வாய் திறக்கமாட்டார்கள். ஓரினின் ஐந்து துப்பாக்கிகளையும் நான் அப்படித்தான் வாங்கி வந்தேன்.

கோர்டி என்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கை இழுத்துக்கொண்டேன்.

"நீதிபதி எதுக்குங்க? எங்க ஆளை நாங்க பார்த்துக்குவோம். என் கூட்டாளியோட துப்பாக்கி அஞ்சும் மூணு மாசமா என் பெட்டியில இருந்துச்சு. போலீஸ் வரலை, கோர்ட்டு வரலை. இப்ப ஆளு தேறிட்டான். செவ்வாய்க்கிழமை அவனே வந்து கேட்டான், ஒண்ணை எடுத்துக் கொடுத்தேன். சனிக்கிழமை எங்களோட வேட்டைக்கு வர்றான்!"

எங்கள் பக்கம் கைதட்டல் கூரையைப் பிளந்தது. உண்மையைச் சொன்னால், அவன் தேறிவிட்டானா என்று நான் பார்க்கவே இல்லை. நாற்பத்தொரு வருடமாக முதல் நாள் வேட்டையைத் தவறவிடாதவன் வெறுங்கையோடு வீட்டில் கிடந்தால் ஊர் என்ன பேசும் என்றுதான் யோசித்தேன். வேட்டைக்கு வருகிறேன் என்பவன் வாழ ஆசைப்படுகிறவன். எங்கள் கணக்கு அவ்வளவுதான்.

"கொடுத்துட்டீங்களா?"

மார்வா எழுந்து நின்றிருந்தாள். குழுத் தலைவர் சுத்தியலைத் தட்டினார், அவள் காதில் விழவில்லை.

"உங்ககிட்ட பூட்டி இருக்குன்னு நம்பித்தானே அவரைத் தனியா விட்டுட்டு வந்தேன்! காலைல நாயைக் கொண்டுபோய்த் தங்கச்சி வீட்ல விட்டுட்டு வந்தார். எதுக்குன்னு கேட்டா சிரிக்கிறார். பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

நான் மைக்கை விட்டேன். இருவரும் வெளியே ஓடினோம். ஓரின் போனை எடுக்கவில்லை. அவள் காரில் ஏறும்போதே எங்கள் ஊர் போலீஸ்காரன் கெல்வினைக் கூப்பிட்டுப் போய்ப் பார்க்கச் சொன்னேன். கால்மணி நேரத்தில் அவனே அழைத்தான்.

"கதவைத் திறந்தாருங்க. நல்லாத்தான் இருக்கேன்னார்."

"துப்பாக்கியை வாங்கிட்டு வாடா!"

"கேட்டேன், தரமாட்டேன்னுட்டார். எந்தச் சட்டத்தை வெச்சுப் பிடுங்குறது? அவர் வீடு, அவர் துப்பாக்கி. நீங்க பேசினதை ரேடியோல கேட்டேன் கோர்டி, நல்லா பேசினீங்க."

அவன் குத்திக்காட்டவில்லை, மனசாரத்தான் சொன்னான். எனக்கு அந்த போனைத் தூக்கி வெளியே எறியலாம் போலிருந்தது.

இரண்டரை மணி நேரப் பாதை. மார்வா காரை விரட்டி ஓட்டினாள். தும்பை விட்டு வாலைப் பிடித்த முட்டாள் நான், ஒவ்வொரு ஊரைத் தாண்டும்போதும் அவனுக்கு போன் போட்டேன்.

வீடு திறந்துதான் கிடந்தது. படுக்கையறைக் கதவு மட்டும் உள்ளே தாழிட்டிருந்தது.

"ஓரின்!"

"வந்துட்டியா?" என்றது உள்ளேயிருந்து அவன் குரல். மார்வா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"அதை வெளிய வெச்சுடுடா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"சனிக்கிழமைக்கு வேணும்ல?"

"சனிக்கிழமை நான் போகலை, யாரும் போக வேணாம். ரெண்டு பேரும் உக்காந்து சீட்டாடலாம். கதவைத் திற."

கைப்பிடியில் கை வைத்தேன். உள்ளே துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றும் சத்தம் கேட்டது. எத்தனை வருடமாகக் கேட்ட சத்தம்! கையை எடுத்துவிட்டேன். பிறகு நான் கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். மார்வா அவன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் சட்டைப்பையில் போன் அலறியது. அதை அடக்கத்தான் அவசரமாக அழுத்தினேன், விரல் தவறி ஸ்பீக்கர் திறந்துகொண்டது. சங்கத்துச் செயலாளரின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. பின்னால் பேருந்தே பாடிக்கொண்டிருந்தது.

"தலைவரே, ஒன்பதுக்கு நாலு ஓட்டு! சட்டம் செத்துச்சு! உங்க பேச்சுதான்! ஜெயிச்சுட்டோம்!"

போனை அணைத்தேன்.

"ஜெயிச்சுட்டீங்களா?" என்று கதவுக்கு அந்தப் பக்கம் ஓரின் கேட்டான்.

என் நீள வாய் திறக்கவில்லை.

"சந்தோஷம்டா. அப்ப வீட்டுக்குப் போ."