ஓட்டையில்லாத ஒழுக்கு

குருநகரில் எந்தப் பைபர் படகு ஒழுகினாலும் என்னிடம்தான் வரும். ஒழுக்கைக் கண்டால் எனக்குக் கோபம். அடைத்த பிறகுதான் சோறு இறங்கும். அப்படிப்பட்ட என்னிடம் வந்து, ஓட்டையே இல்லாத ஒன்று ஒழுகும் என்றாள் கீர்த்திகா.

கொக்குவில் ஊர்ப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறவள். படகுக்குப் பூசும் றெசின் பசை பிரஷில் பிடித்தால் நாங்கள் அசற்றோன் திரவத்தில்தான் கழுவுவோம். நாலு தரம் கழுவினால் அது தேத்தண்ணி நிறத்தில் கொழகொழத்துவிடும். அந்த ஊத்தையிலிருந்து அசற்றோனை மட்டும் பிரிக்க, உள்ளங்கை அகலத்தில் பிளாஸ்ரிக் தாள் போன்ற ஒரு பல்பகுதிய மென்சவ்வு கொண்டுவந்திருந்தாள். முன்பு செய்த ஐந்தும் அசற்றோனிலேயே கரைந்துபோயின. இதுதான் கடைசி. அன்று நாலு மணிக்கு அவளின் பேராசிரியர் வரும்போது போத்தலின் அடியை மூடும் அளவாவது தெளிந்து வராவிட்டால் ஆய்வு நிறுத்தம்.

நான் விடுவேனா? சவ்வின் மேல் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், படகுக்குப் பார்ப்பதுபோல. கீழே ஈரமே இல்லை.

"ஒரு ஓட்டையும் இல்லைத் தங்கச்சி. பிறகு என்னெண்டு போகும்?"

"ஓட்டையாலை போறேல்லை அண்ணை. அசற்றோன் சவ்வுக்குள்ளை கரைஞ்சு, ஊர்ந்து, மற்றப் பக்கத்தாலை வரும். றெசின் பெருசு, அதாலை ஏலாது."

"உது நல்ல கதை!"

என் பட்டறையிலேயே ஒரு இரும்புப் பாத்திரத்தின் அடியில் சவ்வைப் பொருத்தி, ஊத்தையை ஊற்றி, நைதரசன் சிலிண்டரால் அழுத்தம் கொடுத்தாள். பத்து மணியிலிருந்து, பாத்திரத்தடியால் போத்தலுக்குள் இறங்கும் குழாயின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு மணிக்கு அவள் முகம் செத்துப்போயிற்று. "தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று கடைக்குப் போனாள்.

அவள் படலை தாண்டியிருக்கமாட்டாள், டொக்கென்று போத்தலில் ஒரு துளி. என் கை பழக்கத்தில் றெசினைத் தேடியது. பிறகுதான் உறைத்தது: ஓட்டையால் வந்தால் ஊத்தையாக அல்லவா வரவேண்டும்? இது கண்ணாடி மாதிரி இருக்கிறதே! ஒருவேளை நான் ஊற்றிய தண்ணீரோ?

ஒரு விரற்கடை சேரும்வரை ஒரு மணித்தியாலம் பொறுத்தேன்; அவளைக் காணோம். அதற்குமேல் முடியவில்லை; தண்ணீரென்றால் றெசினைக் கழுவாதே. றெசின் பிடித்த பிரஷை ஒரு தகரப் பேணியில் வைத்து, போத்தலைக் கவிழ்த்துக் கழுவினேன். மாதாவே! மயிர் மயிராகப் பிரிந்தது. காற்றில் பிடித்ததும் காய்ந்தது, விரலில் ஒட்டவேயில்லை.

"தங்கச்சி, வந்திட்டுது! ஓடி வாரும்!"

ஓடி வந்தாள். "எங்கை அண்ணை?"

பிரஷை நீட்டினேன். அவள் வெறும் போத்தலைப் பார்த்தாள்.

"முழுக்கவோ?"

"பிரஷ் பெருசு, தங்கச்சி."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. மணி மூன்றே கால். இருவரும் குழாயடியில் குந்தினோம். ஒரு துளி நுனியில் தொங்கிக்கொண்டு விழமாட்டேன் என்றது.

"ஒழுகு," என்றேன், இருபது வருடம் ஒழுக்கடைத்த நான். "ஒழுகு ராசா, ஒழுகு."

பேராசிரியரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றபோது போத்தலின் அடி மட்டுமட்டாக மூடியிருந்தது. நான் பிரஷை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"தெளிவாத்தான் இருக்கு. ஆனா இது பிரஷைக் கழுவுமோ?"

கீர்த்திகா என் பக்கம் திரும்பினாள். "லெனாட் அண்ணை, அந்தப் பிரஷை ஒருக்கால் தாங்கோ."