இன்னிக்கு நான் ஏறல

அந்தக் கட்டடத்தில் நான் பாதுகாப்பு அதிகாரி. இருபத்திரண்டு மாடி எழும்பிக்கொண்டிருந்த இடம். எல்லோர் தலையிலும் ஹெல்மெட் இருக்கிறதா, இடுப்பில் பெல்ட் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பார்த்தால் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மீதிப் பேர், "வந்துட்டாருய்யா" என்று என் காதில் விழும்படியே சொல்வார்கள். என்னைக் கண்டு முகம் கோணாத ஒரே ஆள் பெரிய கிரேனை ஓட்டிய அக்காதான். அறுபது மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பதால் அவருக்கு உச்சியக்கா என்று பெயர். மேனேஜரே அப்படித்தான் கூப்பிடுவார்.

தினமும் இருநூற்றுப் பத்துப் படி. நாற்பத்தாறு வயதில், பேச்சை நிறுத்தாமல் ஏறுவார். இரண்டு டன் கம்பிக் கட்டைத் தூக்கி, கீழே நிற்பவர்கள் காட்டிய இடத்தில், தூங்குகிற குழந்தையைப் படுக்கையில் கிடத்துகிற மாதிரி இறக்குவார். நான் எத்தனையோ இடத்தில் வேலை பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை.

அவருக்கு அக்கி வந்தது. இடது விலாவைச் சுற்றிக் கொப்புளம் கொப்புளமாக. இரண்டு வாரம் விடுப்பு. கொப்புளம் ஆறிவிட்டது, வலி போகவில்லை. சட்டைத் துணி உரசினாலே கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். டாக்டர் நரம்பு வலிக்கு ஒரு கேப்சூல் எழுதிக் கொடுத்தார். அதையே வலிப்பு நோய்க்கும் கொடுப்பார்கள் என்று மருந்துக் கடையில் கேள்விப்பட்டு, அக்காவின் வீட்டுக்காரர் பயந்துபோய் டாக்டரிடமே திரும்ப ஓடியிருக்கிறார். சும்மா சும்மா துடிக்கிற நரம்பை அடக்குகிற மருந்து, வலிக்கும் அதுதான் வலிப்புக்கும் அதுதான் என்று டாக்டர் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார்.

விடுப்பு முடிந்து வந்த காலை, அக்கா நேராக என் அறைக்கு வந்தார். கையில் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தத் தாள். பிரித்தால் மேசை கொள்ளாது, எழுத்தோ எறும்பு சைஸ்.

"தம்பி, இன்னிக்கு நான் ஏறல."

"வலிக்குதாக்கா?"

"வலி பாதியாயிடுச்சு. மருந்து நல்லா கேக்குது. ஆனா தூக்கம் வரலாம், தலை சுத்தலாம், கண்ணு மங்கலாம்னு இதுல போட்டிருக்கு. உடம்புக்கு எப்படி ஒத்துக்குதுன்னு தெரியிற வரைக்கும் மிஷின் எதையும் தொடாதீங்கன்னு டாக்டரும் சொல்லிட்டாரு."

மேனேஜர் வந்தார். அன்று ஒன்பதாம் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாள். அவர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை.

"உங்களப் பாத்தா நல்லாத்தானேக்கா இருக்கீங்க?"

"எனக்கும் அப்படித்தான் சார் தோணுது. அதான் பயமா இருக்கு."

"சரி, கீழ நின்னு சிக்னலாவது குடுங்க."

"அதுவும் வேணாம் சார். என் வாய்லேர்ந்து தப்பா ஒரு சொல் வந்தா மேல இருக்கறவர் அதைத்தான் கேப்பாரு. ஸ்டோர்ல ஏதாவது குடுங்க."

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். சின்ன கிரேனை ஓட்டியவரைப் பெரியதற்கு மாற்றினோம். அவரை எல்லோரும் மௌனசாமி என்பார்கள். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசினால் அதிகம். வாக்கி-டாக்கியில் என்ன சொன்னாலும் "சரி" என்ற ஒரே பதில்தான் வரும். அக்காவை விட ஐந்தாறு வயது மூத்தவர். அக்கா அவரை அண்ணே என்பார்.

ஸ்டோரில் அக்கா, கிரேனில் பாரம் கட்டுகிற கம்பிக் கயிறுகளைச் சோதிக்கிற வேலையை எடுத்துக்கொண்டார். ஒரு கம்பியிழை பிரிந்திருந்தாலும் அந்தக் கயிற்றில் சிவப்புப் பெயின்ட் அடித்து ஒதுக்கிவிடுவார். பக்கத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்று. கேப்சூல் போட்ட நேரம், அதன்பிறகு உடம்பு என்ன செய்தது, எல்லாம் அதில் ஏறும். என்னிடம் மறைக்க மாட்டார். சில பக்கங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

'நாலாம் நாள். தரையில் மஞ்சள் கோட்டின் மேல் நடந்து பார்த்தேன். பாதியில் கோடு என்னை விட்டுப் போய்விட்டது. தம்பி பிடித்துக்கொண்டார்.'

'ஒன்பதாம் நாள். செருப்பு இறுக்குகிறது. கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுகிறது. வடிகட்டி என்ற சொல் வரவில்லை. அந்த ஓட்டைப் பாத்திரத்தை எடு என்றேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.'

'பதினைந்தாம் நாள். பசி அடங்கவே மாட்டேன் என்கிறது. இவருடைய தட்டிலிருந்தும் எடுத்துச் சாப்பிட்டேன்.'

சைட்டில் வாய் சும்மா இருக்குமா? உச்சியக்காவுக்கு உயரத்தைக் கண்டா பயம் வந்துடுச்சு என்று ஒருவன் கிளப்பிவிட்டான். அக்கா காதில் விழுந்தது. "விடுங்க தம்பி. பயந்துட்டேன்னு சொல்றது உண்மைதானே. என் கொக்கிக்கு அடியில அம்பது பேர் நடக்கறாங்க" என்றார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

நான்காவது வாரம் ஒரு நாள் அவர் நோட்டை என்னிடம் நீட்டாமல் மூடி வைத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார்.

"காரணமே இல்லாம மனசு கல்லா கனக்குது தம்பி. அழுகையும் வரல. மொட்டை மாடியில துணி காயப் போடப் போனவ, கைப்பிடிச் சுவத்துக்கிட்ட ரொம்ப நேரம் நின்னுட்டேன். என்ன நெனச்சேன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். டாக்டருக்கும் அப்பவே போன் பண்ணிட்டோம். இந்த மாதிரியும் சில பேருக்கு வருமாம். வந்தா மறைக்காம உடனே சொல்லணுமாம்."

"டாக்டர் என்னக்கா சொன்னாரு?"

"நேர்ல வரச் சொல்லிப் பாத்தாரு. அளவைக் குறைச்சிருக்காரு. ஒரேடியா நிறுத்தக் கூடாதாம், படிப்படியாத்தான் குறைக்கணுமாம். எங்க வீட்டுக்காரரு இப்ப என்னைத் தனியா மாடிக்கு விடறதில்ல. துணியெல்லாம் அவருதான் காயப் போடறாரு. ஒரு கிளிப்பும் ஒழுங்கா மாட்டத் தெரியல." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். எத்தனை பேருக்கு இதை வாய்விட்டுச் சொல்ல வரும்? எனக்கு வந்திருக்காது.

அதற்கு அடுத்த வாரம் அந்தச் சம்பவம் நடந்தது. காலை பத்தரை மணி. நானும் அக்காவும் ஸ்டோர் வாசலில் கயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் இடுப்பில் வாக்கி-டாக்கி ஓடிக்கொண்டிருந்தது. சிக்னல்காரர், "மெதுவா ஏத்து" என்றார். "சரி" என்றார் மௌனசாமி. "வலப்பக்கம் திரும்பு." "சரி."

அக்கா கயிற்றைக் கீழே வைத்தார்.

"தம்பி, அண்ணனை இறக்கணும்."

"எதுக்குக்கா?"

"அவரு சரி சொல்றது லேட்டா வருது. முன்னாடியெல்லாம் சொல்லி வாய மூடறதுக்குள்ள வரும். காலையில அவரு ஷூவப் பாத்தேன், லேஸ் கட்டவே இல்ல. கணுக்கால் என்னுது மாதிரியே உப்பியிருக்கு. கொக்கின்னு சொல்ல வராம, அந்த வளைஞ்சது, வளைஞ்சதுன்னாரு. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்."

நான் அண்ணாந்து பார்த்தேன். பதினோராம் மாடிக்கு மேலே ஒரு கம்பிக் கட்டு அந்தரத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. சிக்னல்காரரிடம் ஓடினேன். கீழே நின்றவர்களை விலக்கினோம். "கட்டைக் கீழ இறக்கிடுங்க, அவசரமே இல்ல" என்று அவர் சொல்ல, இரண்டு மூச்சு கழித்து "சரி" வந்தது. கட்டு தரையில் உட்கார்ந்ததும்தான் எனக்கு உயிர் வந்தது.

"கையை எடுத்துட்டு மிஷினை அணைச்சிடுங்க" என்றேன். பதில் இல்லை.

பின்னாலேயே வந்திருந்த அக்கா, சிக்னல்காரரின் வாக்கி-டாக்கிக்குக் கையை நீட்டினார். "இப்ப குடுங்க. தூக்கறதுக்கு ஒண்ணுமில்ல, பேசத்தான் போறேன்." வாங்கிக்கொண்டு, "அண்ணே, நாலாம் நம்பர் லைனுக்கு வாங்க" என்றார். அந்த லைனில் வேறு யாரும் பேசுவதில்லை. ஐம்பது பேர் கேட்கிற இடத்தில் அந்த மனிதரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று அந்த அவசரத்திலும் அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை.

"அண்ணே, நீங்க என்ன கேப்சூல் போடறீங்க?"

நீண்ட இரைச்சல். பிறகு, "உனக்கு எப்படித் தெரியும்மா?"

"எனக்கும் கால் வீங்குது. எனக்கும் சொல்லு மறக்குது. சொல்லுங்க."

மௌனசாமி அன்றைக்குப் பேசியது அந்த வருடத்துக்கே போதும். இடுப்பிலிருந்து கால் வரை நரம்பு இழுத்து வலிக்கிறது, ஆறு வாரமாக அதே கேப்சூல். வேலை போய்விடுமோ என்று யாரிடமும் சொல்லவில்லை. மூன்று நாளாக வலி தாங்காமல், யாரோ தெரிந்தவர் கொடுத்த கடும் வலி மாத்திரையையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். இப்போது கண் சொக்குகிறது. ஏணியைப் பார்த்தால் இரண்டாகத் தெரிகிறது.

அக்கா என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "ரெண்டும் சேந்தா மூச்சே மெதுவாயிடும்னு தாள்ல போட்டிருக்கு தம்பி. ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. அவரைத் தனியா இறங்க விடக் கூடாது." பிறகு, "நான் ஏறக் கூடாது. நீங்கதான் ஏறணும்" என்றார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு அதிகாரியான நான் அந்த ஏணியின் உச்சி வரை ஒரே ஒரு தடவைதான் ஏறியிருந்தேன், அதுவும் போட்டோ எடுக்க. சாரம் கட்டுகிறவர்களில் வாட்டசாட்டமான ஒருவரைக் கூட்டிக்கொண்டு, ஒரு கூடுதல் பெல்ட்டையும் கயிற்றையும் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். என் இடுப்பு வாக்கி-டாக்கியையும் நாலாம் லைனில் வைத்திருந்தேன்; அதில் அக்காவின் குரல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது; எனக்கில்லை, அவருக்கு.

"அண்ணே, தூங்கிடாதீங்க. உங்க பேத்தி பேரு என்ன? ... சொல்லுங்க. எத்தனாவது படிக்குது? ... எனக்குக் கேக்கல, சத்தமா. பெருக்கல் வாய்ப்பாடு தெரியுமா அதுக்கு? உங்களுக்குத் தெரியுமா? ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்க பாப்போம்."

நாங்கள் கூண்டை எட்டியபோது அவர் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, "ஏழெட்டு... ஏழெட்டு..." என்று அங்கேயே நின்றிருந்தார். பெல்ட்டை மாட்டி, கீழே சாரக்காரர், மேலே நான், நடுவில் அவர் என்று இறக்கினோம். ஏணியின் நடுவில் வரும் ஒவ்வொரு தட்டிலும் உட்காரவைத்தோம். தரைக்கு வர முக்கால் மணி நேரம் ஆனது. ஆம்புலன்ஸில் ஏற்றியபோது அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐம்பத்தாறு" என்றார்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். அவர் திரும்பி வந்ததும் மேனேஜர் கொதித்தார். "இவ்வளவு பேர் உயிரோட விளையாடிட்டு வந்து நிக்கறீங்க! நாளைலேர்ந்து வராதீங்க."

மௌனசாமி தலை குனிந்து நின்றார். "அந்தச் சனியன் கேப்சூலைக் குப்பையில போட்டுடறேன் சார். சத்தியமா."

"போடாதீங்க அண்ணே!" என்று அக்கா குறுக்கே பாய்ந்தார். "திடீர்னு விட்டா அது வேற ஆபத்து. என் டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்." பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "சார், அண்ணன் பண்ணது தப்பு. பெரிய தப்பு. ஆனா என்ன மருந்து சாப்பிடறீங்கன்னு உடம்பு விவரம் கேக்கற நம்ம ஃபாரத்துல ஒரு வரி இல்ல. நான் வந்து சொன்னப்ப எனக்கு ஸ்டோர்ல இடம் குடுத்தீங்க. சொன்னா தனக்கும் இடம் கிடைக்கும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாரு. சைட்டே என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சுதே, அதைப் பாத்துட்டு எவன் சார் வாயத் திறப்பான்?"

அந்த ஃபாரத்தைத் தயாரித்தவன் நான்தான். அறையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை, ஆனாலும் காது சுட்டது. அன்று மாலையே புதுத் தாள் அடித்தேன். அக்காவை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மறுவாரம் அதை நிரப்பிய நூற்று நாற்பது பேரில் ஒன்பது பேர், மயக்கம் தரக்கூடிய ஏதோ ஒரு மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டுதான் உயரத்தில் நின்றிருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒன்பது பேருக்கும் கீழே வேலை கொடுத்தார் மேனேஜர். வாய் முணுமுணுத்தது, கை கையெழுத்துப் போட்டது.

அக்காவின் டாக்டர் மௌனசாமியின் வலி மாத்திரையை நிறுத்தி, கேப்சூலின் அளவைக் குறைத்து, உடற்பயிற்சிக்கு அனுப்பினார். வலி அவருக்கு முழுதாகப் போகவில்லை. கிரேனுக்கும் அவர் திரும்பவில்லை. கம்பிக் கயிறு சோதிக்கிற வேலை அவருக்கு நிரந்தரமானது. முதல் மாதம் கூண்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு பழகிக்கொண்டார்.

அக்காவுக்கு வலி அடங்க ஐந்து மாதம் ஆனது. டாக்டர் சொன்ன கணக்குப்படி வாரம் வாரமாகக் குறைத்து மருந்தை நிறுத்தினார். மருந்தின் அளவு குறைந்தபோதே மனசின் பாரம் விலகிவிட்டதாம். கிரேன் ஓட்டலாம் என்று டாக்டர் கடிதம் கொடுத்த பிறகும் ஒரு வாரம் ஏறவில்லை. "அவரு சொல்லிட்டாரு, என் உடம்பும் சொல்லட்டும்" என்றார்.

ஒரு புதன்கிழமை காலை ஏறினார். எல்லாத் தட்டிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் போனார், பேச்சும் இல்லை. பயந்தாங்கொள்ளி என்று கிளப்பிவிட்டவன் உட்படப் பாதி சைட் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து நின்றது. நான் யாரையும் விரட்டவில்லை. கூண்டுக் கதவு சாத்தியதும் மேனேஜர் என் வாக்கி-டாக்கியைப் பிடுங்கிக்கொண்டார்.

"அக்கா, எப்படி இருக்கு மேல?"

"அக்கி வந்த இடம் இன்னும் கொஞ்சம் அரிக்குது சார். மத்தபடி நல்லா இருக்கேன். பதினாலாம் மாடி ஜன்னல் சட்டமெல்லாம் கீழ கிடக்குது பாருங்க, அதைக் கயித்துல கட்டச் சொல்லுங்க, தூக்கிடறேன்."