இடது பக்கக் கதவு

இடது முன்கதவில் தொடங்கிய கீறல் பின்சக்கரத்தின் மேல்வளைவு வரை ஓடியிருந்தது. ஷாமளா வாளித் தண்ணீரோடு காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தால் தடவிப் பார்த்தாள். நகம் மாட்டிக்கொண்டது. பாலிஷ் போட்டால் போகிற கீறல் இல்லை. சில இடங்களில் தகரமே தெரிந்தது. தேய்த்து, பட்டி வைத்து, காய்ந்தபின் மறுபடி தேய்த்துத்தான் சாயம் அடிக்க வேண்டும். மலேசியாவின் மூவாரில் நாற்காலித் தொழிற்சாலையில் வாரம் முழுக்க மரம் தேய்க்கிறவள், கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் மணல்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள்கள் இரண்டும் கனத்தன.

பட்டறைக்கு விடலாம் என்றுதான் அவள் சொன்னாள். "வேணாம் லா, நம்மளே பண்ணிக்கலாம்" என்று பிடிவாதமாகச் சாமான்களை வாங்கி வந்தது அவள் கணவன் லோகேஸ்வரன். பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குவது அவன் தொழில். வெள்ளிக்கிழமை பாசார்ச் சந்தையில் காரை நிறுத்தியிருந்தபோது எவனோ மோட்டார்காரன் உரசிவிட்டு ஓடிவிட்டான் என்று சொல்லியிருந்தான்.

கீறலுக்கு மேலே டேப் ஒட்டும் வேலையை அவன் எடுத்துக்கொண்டான். முதலில் நேராகப் போன டேப் பாதியிலேயே சரிந்து கீறலின் மேலேயே ஏறியது. அவன் அதைக் கவனிக்காமல் விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினான். ஷாமளா அதைப் பிய்த்து மறுபடி ஒட்டினாள். பிறகு மணல்தாளை நனைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். கதவில் வழிந்த தண்ணீர் பச்சையாக இருந்தது.

அவர்கள் வீட்டுக் கேட் பச்சை. தீபாவளிக்கு அவளே அடித்த சாயம். எழுந்து போய்ப் பார்த்தாள். கேட்டின் ஓரத்தில், கார்க் கதவின் உயரத்தில், காரின் அதே வெள்ளி நிறத்தில் ஒரு கோடு கிடந்தது.

அவன் கண்ணில் படாமல் சரிந்த டேப்பை நினைத்தபடி திரும்பி வந்து பழையபடி உட்கார்ந்தாள். கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

"எப்பலேருந்து?"

அவன் டேப் சுருளை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தான். "தீபாவளி முடிஞ்சதுலேருந்து. இடது கண்ணு. நேரா பார்த்தா தெரியுது. ஓரமெல்லாம் புகை மாதிரி."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். கண்ணுக்குள்ள பிரஷராம். மருந்து விட்டா இருக்கறத காப்பாத்தலாம், போனது வராதுன்னுட்டாரு."

சொட்டு மருந்தை எங்கே ஒளித்து வைத்திருப்பான், தினமும் தனியாக எப்படி விட்டுக்கொண்டான் என்று அவள் மனம் அலைந்தது. கலந்து வைத்த பட்டி இறுக ஆரம்பித்திருந்தது. அள்ளிக் கீறலின் மேல் இழுத்தாள். ஓரிடத்தில் தடித்துவிட்டது.

"வேன்ல பிள்ளைங்க எந்தப் பக்கம் இறங்குதுங்க?" என்று கேட்டாள், கதவைப் பார்த்தபடியே.

அவன் டேப் சுருளைத் தரையில் வைத்தான். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஓட்டிடறேனே. திடீர்னு நிப்பாட்டுனா அதுங்கள யாரு ஏத்திட்டுப் போவா?" என்றான்.

"அது அவங்க அப்பா அம்மா பாத்துக்குவாங்க. அவங்களுக்குத் தெரியணுங்க."

"தெரிஞ்சா அதுக்கப்புறம் யாரு எங்கிட்ட பிள்ளைய விடுவா?"

அவள் பட்டித் தகட்டைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். லோகேஸ்வரன் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தான். கண்ணுக்கு நேரே பிடித்து, தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பி, பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான். 'நாளையிலிருந்து வேன் ஓடாது. கண்ணு சரியில்ல. மன்னிச்சிடுங்க.' அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் காரின் முன்மூடி மேல் கவிழ்த்து வைத்தான்.

பிறகு கைப்பேசி அதிரத் தொடங்கியது. ஒன்றன்பின் ஒன்றாகப் பதில்கள். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒவ்வோர் அதிர்வுக்கும் அது ஈரத் தகரத்தின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.