வண்டியின் மூக்கு

“ஒரு நாளாவது எதையாவது அளந்து போட்டிருக்கியாக்கா?” என்று பாத்திரம் கழுவுகிறவள் ஒருமுறை அவளைக் கேட்டாள். ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் இருநூறு பேர் சாப்பாட்டுக்கு அவள் உப்புப் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

“அளந்து போட்டா அப்புறம் கை எதுக்குடி இருக்கு?” என்றாள்.

அந்தக் கையை நம்பித்தான் பதினோரு வருஷம் ஓடியிருந்தது. காரை ஓட்டியதும் அதே கண் அளவில்தான். சமையற்கட்டின் பின்வாசலில், தூணுக்கும் சுவருக்கும் நடுவே வண்டி புகுந்துவிடும் என்று கண் சொன்னது. புகவில்லை. முன்பக்கம், விளக்குக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது.

தகரமாக இருந்தால் தட்டி நிமிர்த்திவிடலாம். இது ஃபைபர், உடைந்தால் உடைந்ததுதான். கடைசல் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஒரு பழைய அடிச்சட்டத்தை வாங்கி, மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குத் தின்னக் கொடுத்து, தானே வார்த்து ஏற்றிய உடம்பு அது. வந்தான், குனிந்து பார்த்தான்.

“இனிமே நீ வண்டியத் தொடாத.”

அதோடு சரி. நாலு நாளாக வீட்டில் குழாய் பேசியது, மிக்ஸி பேசியது, அவன் பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டான். பட்டறை பக்கத்திலேயே இருந்ததால் நடந்து போனான், நடந்து வந்தான்.

அவளுக்கோ இரண்டு பஸ். நின்றபடியே போய், நின்றபடியே சமைத்து, நின்றபடியே திரும்பினாள். முழங்காலுக்குக் கீழே இருந்ததெல்லாம் யாரோ சுமக்கக் கொடுத்த மூட்டை மாதிரி கனத்தது. மிச்சமிருக்கும் காலம் பூராவும் இப்படித்தானா என்று நினைத்தபோதுதான் பயம் வந்தது. ஞாயிறு காலை பெயிண்ட் கடையில் போய் நின்றாள்.

“மேஸ்திரிய அனுப்புங்கம்மா, எடுத்துத் தரேன்” என்றார் கடைக்காரர்.

“நான்தான் மேஸ்திரி.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கண்ணாடி நாரில் செய்த வெள்ளைப் பாயையும் ரெசின் டப்பாவையும், அதை இறுக வைக்கும் மருந்துள்ள சின்ன பாட்டில் ஒன்றையும் எடுத்து வைத்தார். “பின்பக்கமா நல்லாத் தேய்ச்சுட்டு ஒட்டுங்க. பாட்டில்ல இருக்கறது நூறுக்கு ரெண்டுதான். கூடிப்போனா கோவம் வந்துடும்.”

“யாருக்கு?”

“ரெசினுக்குத்தான்.”

முன்பகுதியைக் கழற்றித் திருப்பிப் போட்டு, உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்தாள். தூள் கையெல்லாம் ஏறி அரித்தது. வெளிப்பக்கம் ஓட்டையைப் பிளாஸ்டிக் தாளால் அடைத்தாள். பிறகு கப்பில் ரெசினை ஊற்றி, பாட்டிலைச் சரித்தாள். அன்றைக்குக் குளிர். இறுக நேரமாகுமே என்று கொஞ்சம் தாராளமாகவே விட்டாள்.

பாயின் ஒரு துண்டை நனைப்பதற்குள் கப் சுட்டது. புகைந்தது. பிரஷ் நட்ட கம்பு மாதிரி உள்ளேயே நின்றுவிட்டது. உள்ளேயிருந்து அவன் ஜன்னலைத் திறந்தான், பார்த்தான், மூடிக்கொண்டான்.

பாத்திரம் கழுவுகிறவளுக்குப் போன் போட்டாள். “கப்புல புகை வருதுடி.”

“இறக்கி வைக்கா, அடிப்பிடிச்சிடப் போவுது!”

“அடுப்பே இல்லடி.”

“அடுப்பில்லாமலே தீய விட்டியா? உன் கை ராசி யாருக்கு வரும்!”

சிரிக்கக்கூட அலுப்பாக இருந்தது. அடுத்த கப்பில் பயந்து பயந்து நாலே சொட்டு விட்டாள். இரண்டு மணி நேரம் ஆகியும் அது பாகு மாதிரி ஒட்டிக்கொண்டே கிடந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தாள், துடைத்தாள், மறுபடி தேய்த்தாள். இடுப்பு விட்டுப்போயிற்று. கொஞ்ச நேரம் தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய், மருந்துக்கடையில் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று வாங்கி வந்தாள்.

நூறுக்கு இரண்டு. சிரிஞ்சின் கோட்டைக் கண்ணருகே பிடித்து, மூச்சை அடக்கி இழுத்தாள். வெட்கமாக இருந்தது, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அளக்கிறாள். பாயை மூன்று அடுக்காக வைத்து, காற்றுக் குமிழி நிற்காமல் பிரஷால் குத்திக் குத்தி இறக்கினாள். பொழுது சாய்வதற்குள் அது இறுகி, தட்டினால் டக்கென்றது.

அடுத்த வாரம் பூராவும் வேலை விட்டு வந்து அரை மணி நேரம் பட்டி பூசுவதும் தேய்ப்பதுமாகப் போயிற்று. சனிக்கிழமை பெயிண்ட் அடித்தாள். நிறம் ஒரு மாற்றுக் குறைந்தே நின்றது. ஞாயிற்றுக்கிழமை தானே தூக்கிப் பொருத்தித் திருகினாள்.

“முடிஞ்சதுங்க” என்றாள் உள்ளே பார்த்து. அவன் விளக்கை அணைத்தான். சரி, பஸ்தான் என்று படுத்துவிட்டாள்.

திங்கள் காலை, சோற்றுப் பையோடு வெளியே வந்தவள் நின்றாள். அவன் வண்டியின் மூக்கருகே குத்துக்காலிட்டு, அவள் ஒட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்து மெல்ல ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில் கை நின்றது. நகத்தால் சுண்டிக் கேட்டான். எழுந்து ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து குனிந்தான். உள்ளே டக் டக்கென்று சத்தம். அவன் நெட்டை, அவன் ஓட்டினால் இருக்கை எப்போதும் கடைசி வரை பின்னால் தள்ளியிருக்கும். இப்போது அதை அவள் காலுக்கு எட்டும்படி முன்னால் இழுத்து வைத்தான். சாவியை அதன் துளையில் செருகினான்.

கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, அவள் பக்கம் திரும்பாமல் பட்டறைக்கு நடந்து போனான்.