கறிவேப்பிலைப் போத்தல்

சவர்க்காரம் போட்டும் மோதிரம் விரல் மூட்டைத் தாண்டவில்லை. மகள் நிதர்சனா என் கையைத் தன் மடியில் வைத்துத் தேங்காயெண்ணெய் விட்டுத் திருகினாள். சுனாமி அவளுடைய அப்பாவையும், முல்லைத்தீவுக் கரையில் இருந்த வீட்டையும், அலுமாரியில் கிடந்த தாலிக்கொடியையும் கொண்டுபோனபிறகு என் கல்யாணத்தில் மிஞ்சியது அந்த மோதிரம் ஒன்றுதான். இருபது வருடம் கிடந்த இடத்தில் விரல் மெலிந்து, தோல் வெளுத்துப்போயிருந்தது. கழன்றதும் அவள் போட்டுப் பார்த்தாள். பெரிதாக இருந்தது. உட்பக்கத்தில் பாதி வளையத்துக்கு வெள்ளை நூலை நெருக்கிச் சுற்றிக் கொடுத்தேன். எண்ணெயும் அழுக்கும் அப்பியிருந்த உட்பக்கத்தை நான் பார்க்கவே இல்லை.

இரண்டாயிரத்து ஏழு, ஆவணி. இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். கல்யாணம் முடித்த பெண்களை அப்போது விட்டுவிடுவார்கள் என்பதால் நாங்கள் இடம்பெயர்ந்திருந்த கண்டாவளையில் ஒரே மாதத்தில் குமர்ப்பிள்ளைகளெல்லாம் பெண்சாதிமார் ஆனார்கள். என் மகளுக்கும் ஒரு மாப்பிள்ளையைக் கண்டுபிடித்தேன். என் ஒன்றுவிட்ட அண்ணனின் மகன் ஸ்ரனிஸ்லஸ். அவன் வள்ளமேறி இந்தியாவுக்குப் போய் மூன்று மாதம். தனக்குக் கல்யாணம் நடந்தது அவனுக்கே தெரியாது. பக்கத்துக் காணி அன்னபாக்கியம் வேலியால் எட்டிப் பார்த்து, “மாப்பிள்ளைதான் இல்லை, ஒரு பயித்தம் பணியாரமாவது சுட்டிருக்கலாமே யூலிற்றா” என்றா. சிரித்துவிட்டு, “அவள் சேலையோடை திரியட்டும். சட்டையைப் போட்டுக்கொண்டு படலையடிக்கு வரவிடாதை” என்றும் சொன்னா.

நிதர்சனா உயர்தரத்துக்கு விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். வெளியே போக முடியாத அந்த நாட்களில் வண்ணத்துப்பூச்சி வளர்க்கக் குசினி யன்னலில் இரண்டு மாப்போத்தல்களை வைத்திருந்தாள். ஒன்றில் ஆடுதின்னாப்பாளைக் கொடி, மற்றதில் கறிவேப்பிலைக் கொப்பு. இலை வாடமுதல் மாற்றுவது என் வேலை. கறிவேப்பிலையில் கடுகளவு முட்டையாக இருந்தது முதலில் குருவியெச்சம் போன்ற புழுவாகி, நான்கு தரம் தோல் கழற்றிப் பச்சையாகி, இப்போது கொப்பில் ஒரு நூலில் சாய்ந்து கூடாகத் தொங்கியது. ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் திகதி எழுதி, படம் கீறியிருந்தாள். கூட்டிலிருந்து பூச்சி வெளிவரும் கடைசிக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

அவர்கள் காலை பத்து மணியளவில் வந்தார்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பெண்கள். ஒருத்தி படலையடியில் நின்றாள். கண்ணாடி போட்ட மற்றவள் உள்ளே வந்து, தண்ணீர் கேட்டாள். நிதர்சனா என் சேலையில், கொண்டை போட்டு, மோதிரக்கை தெரியும்படி செம்பை நீட்டினாள். மாப்பிள்ளையின் பெயர், கல்யாணம் நடந்த மாதம், பதிவுக் கடதாசி ஏன் இன்னும் வரவில்லை, எல்லாவற்றுக்கும் நாங்கள் பாடமாக்கியபடியே மறுமொழி சொன்னோம். அந்தப் பெண் செம்பைத் திருப்பித் தந்துவிட்டு எழும்பினாள். எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அவள் கண் யன்னலுக்குப் போனது.

தானும் உயர்தரத்துக்கு உயிரியல்தான் படித்ததாகவும், சோதனை எடுக்கவில்லை என்றும் சொன்னாள். கொப்பியை எடுத்துப் புரட்டி, முன்பக்கத்தில் நிதர்சனா புத்தகத்தைப் பார்த்துக் கீறியிருந்த இரண்டு வண்ணத்துப்பூச்சிகளில் நின்றாள்.

“ரெண்டிலையும் சிவப்புப் பொட்டுத்தானே கீறியிருக்கிறீங்கள். எப்பிடிப் பிரிக்கிறது?”

நிதர்சனாவின் முகம் மலர்ந்ததைக் கண்டேன். ஒரு மாதமாக அவளோடு யாரும் இதைப் பற்றிக் கதைக்கவில்லை.

“உடம்பைப் பாக்கவேணும் அக்கா. பாளை திண்டு வளந்தது நஞ்சு, அதுக்கு உடம்பும் சிவப்பு. குருவி தொடாது. கருவேப்பிலை திண்டு வளந்ததிலை சில பெட்டையள் அதைப்போலை வேசம் போடும். செட்டை எல்லாம் அச்சொட்டா அதுமாதிரித்தான். உடம்பு மட்டும் கறுப்பாவே இருந்திடும்.”

அந்தப் பெண் கொப்பியை மூடினாள். சேலையை, கொண்டையை, பிறகு மகளின் கையைப் பார்த்தாள்.

“தங்கச்சி, மோதிரத்தை ஒருக்காத் தாங்கோ.”

நிதர்சனா என்னைப் பார்த்தாள். கொடுக்காமல் இருக்க முடியாது. அந்தப் பெண் யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நூலை அவசரப்படாமல் கழற்றினாள். சுற்றுச் சுற்றாக நூல் நிலத்தில் விழுந்தது. பாதியில்தான் எனக்கு நினைவு வந்தது. எங்கள் கரையில் மாப்பிள்ளையின் பெயரையும் வருடத்தையும் உள்ளே வெட்டித்தான் பங்குச் சுவாமியிடம் ஆசீர்வாதத்துக்குக் கொடுப்பது. இருபது வருடம் தோலோடு கிடந்த எழுத்து. நூல் சுற்றிய கைக்கே அது தெரியாமல் போயிற்று.

அவள் வாய்விட்டு வாசிக்கவில்லை. என்னிடம் திரும்பினாள்.

“அம்மா, யாகப்பு ஆர்?”

“இவளின்ரை அப்பா” என்றேன்.

தகப்பனின் மோதிரத்தை மருமகனுக்குக் கொடுத்தோம், அவன் இவளுக்குப் போட்டான் என்று சொல்லியிருக்கலாம். அவளை ஏற்றிய மோட்டார் சைக்கிள் மதகு கடந்த சத்தம் கேட்டபோது அந்த மறுமொழி வந்தது. அடுத்த மாசியில், திறக்கக் கூடாதென்று மூடி அவளைக் கொண்டுவந்த பெட்டிக்கு முன்னால் நின்றபோது இன்னும் இரண்டு மறுமொழிகள் வந்தன.

அன்று சட்டை மாற்றிக்கொண்டு வந்து, அவர்களோடு புறப்படுமுன் நிதர்சனா யன்னலடிக்குப் போனாள். அழவில்லை. “கருவேப்பிலைப் போத்திலை ஆட்டாதேங்கோ அம்மா. ஒரு தாயின்ரை முட்டையெண்டாலும் எல்லாம் வேசம் போடாது. எது வந்ததெண்டு கொப்பியிலை எழுதி வையுங்கோ.” கண்ணாடி போட்ட பெண் மோதிரத்தை மேசையில் வைத்தாள். அதை எடுத்துப் போட என்னால் முடியவில்லை.

ஒன்பதாம் நாள் காலை கூடு வெடித்திருந்தது. பூச்சி கொப்பைப் பிடித்தபடி, கசங்கிய செட்டைகளைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டிருந்தது. பென்சிலோடு காத்திருந்தேன். செட்டை மெல்ல நீண்டு காய்ந்து விரிந்தது. கறுப்பு. பின்செட்டையில் வெள்ளைப் பொட்டுகள் ஒரு வரிசை. சிவப்பு ஒரு துளியும் இல்லை. அதை எழுதினேன்.

திறந்துவிடுவதற்குப் போத்தலை முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். உடுப்புக் காயப்போடும் கொடியில் ஒரு கரிக்குருவி இருந்தது. போத்தல் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, உடனே உள்ளங்கையால் பொத்தினேன். குருவி போகவில்லை. வெயில் ஏறியது. பூச்சி மேலே வந்து, மோதிரம் கிடந்த வெளுத்த இடத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.