கண்ணில் இருந்த இரும்பு

"உடம்புக்குள்ள இரும்பு எதாச்சும் இருக்காம்மா? ஆபரேஷன் பண்ணி கம்பி, பிளேட்டு வெச்சிருக்காங்களா?"

ஸ்கேன் சென்டர் பெண் பேனாவும் கையுமாகக் கேட்டாள்.

"ஒரு எழவும் இல்ல. சீக்கிரம் உள்ள இட்டுனு போம்மா" என்று எரிந்து விழுந்தேன். பின்னே? காலையில் கம்பெனியில் சாரம் சரிந்து விழுந்த என் வீட்டுக்காரர் தேசப்பனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. முதுகெலும்புக்குள் நரம்பு எங்கே நசுங்கியிருக்கிறது என்று எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால்தான் ஆபரேஷன் செய்ய முடியும், இன்றைக்கே செய்தால்தான் கால் பிழைக்கும் என்று டாக்டர் சொல்லி, கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு அனுப்பியிருந்தார்.

"என்ன வேலை பாக்கறாரு?"

"இரும்பு கம்பெனில கிரைண்டிங்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "கண்ல இரும்புத்தூள் பட்டிருக்கா?"

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் முந்திக்கொண்டார். "படாம இருக்குமா? பட்டா இவ எடுத்துடுவா. எங்க லைன் ஊட்டுல எல்லாருக்கும் சாராள்தான் கண் டாக்டரு." அந்த நிலையிலும் பெருமை அவருக்கு!

பொய்யில்லை. கம்பெனி வைத்தியரிடம் போனால் விபத்து என்று எழுதிவிடுவார். காண்ட்ராக்ட் ஆளை மறுநாள் கேட்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் ஷிப்டு முடிந்து கண் சிவந்து வருகிறவர்கள் என்னிடம்தான் வருவார்கள். முந்தானை நுனியைத் திரித்து, இமையைப் புரட்டி எடுத்துவிடுவேன்.

ஸ்கேன் சென்டர் பெண் அவருடைய கண்ணை எக்ஸ்ரே எடுக்க வைத்தாள். இடது கண்ணுக்குள் பாதிக் கடுகளவு வெள்ளைப் புள்ளி.

பொங்கலுக்கு முன்னால் "இன்னும் உறுத்துதுடி" என்றவரை, "அதான் வந்துடுச்சே, சும்மா கசக்கினே இருக்காத" என்று அதட்டியவள் நான்தான். பாவி நான்.

"இதோட உள்ள அனுப்பினா மிஷின்ல இருக்கற காந்தம் அந்த இரும்ப இழுத்து அசைச்சுடும்மா. கண்ணு போயிடும்."

"போனா போவுது! இன்னொரு கண்ணு கீதுல்ல? கால் வேணும் எங்களுக்கு!" என்று கத்தினேன். ஸ்கேன் சென்டர் டாக்டர் மசியவில்லை. முதலில் கண் ஆபரேஷன் செய்து அதை எடுக்க வேண்டுமாம். அவரே இரண்டு இடத்துக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை. நாளைக் காலைதான் முடியும் என்றார்கள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தேசப்பன் கையை நீட்டி என் தோளைத் தொட்டார். பிறகு இரண்டு விரலால் இடது கண்ணை அகல விரித்துக்கொண்டார்.

"ஏன்டி அழுவுற? நாளிக்கு வரிக்கும் எதுக்கு? நீயே எடுத்துடேன்."